கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கழகம்

2025 மே 21 ஆம் திகதி ஸ்பெயினின் பில்பாவோ நகரில் நடைபெற்ற ஐரோப்பா லீக் இறுதிப்போட்டியில் மன்செஸ்டர் யுனைட்டெட் கழகம் டொட்டன்ஹாமிடம் 0-1 என்ற கணக்கில் தோல்வி கண்டது. இரு தினங்கள் கழித்து, இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், கக்லியாரி அணிக்கு எதிரான போட்டியில் ஒரு வீரர் உடலை அந்தரத்தில் சாய்த்து உதைத்த பந்து வலைக்குள் சென்றது. நாப்போலி 2-0 என வென்று இத்தாலியின் சம்பியனானது. அந்தக் கோலை அடித்தவர் ஸ்கொட்லாந்து தேசிய அணியின் மத்தியகள வீரர் ஸ்கொட் மக்டொமினே. ஒன்பது மாதங்களுக்கு முன்னர்தான் மன்செஸ்டர் யுனைட்டெட் அவரை விற்றிருந்தது.

இதை ஒரு வீரரின் அதிர்ஷ்டக் கதையாகக் கூறிவிட்டு நகர்ந்துவிடுவதையே பெரும்பாலான விளையாட்டு விமர்சகர்கள் விரும்புகிறார்கள். ஆனால், இது அதிர்ஷ்டத்தின் கதையல்ல. தான் வளர்த்த பிள்ளையை ஒரு கழகம் ஏன் விற்கிறது, அவ்வாறு விற்பதை எந்த விதி இலாபகரமாக்குகிறது என்பதே கேட்கப்படவேண்டிய கேள்வி.

மக்டொமினே ஐந்து வயதிலேயே யுனைட்டெட்டின் பயிற்சிப் பாசறைக்குள் வந்தவர். 2017 மே மாதத்தில் ஆர்சனலுக்கு எதிராக முதற்தடவையாகக் களமிறங்கினார். இங்கிலாந்தின் லங்காஸ்டரில் பிறந்த அவர், தந்தையின் வழியில் 2018 இல் ஸ்கொட்லாந்தைத் தெரிவுசெய்தார். யுனைட்டெட்டுக்காக 255 போட்டிகளில் ஆடிய அவருக்குப் பல பயிற்றுநர்கள் வந்துபோன அந்த வருடங்களில் நிலையான இடமென்று ஒன்று இருக்கவில்லை. ஒருவர் தடுப்பாளராகப் பயன்படுத்தினார்; இன்னொருவர் இறுதி நிமிடங்களில் மாத்திரம் அனுப்பினார். 2023 ஒக்டோபரில் பிரென்ட்போர்ட் அணியிடம் தோற்றுக்கொண்டிருந்த வேளையில் மாற்றுவீரராக இறங்கி, மேலதிக நிமிடங்களில் இரு கோல்களை அடித்து வெற்றியைப் பெற்றுக்கொடுத்தவர் அவர். 2024 மே மாதத்தில் எப்.ஏ. கிண்ணத்தை வென்ற இறுதிப்போட்டியிலும் ஆரம்பம் முதல் ஆடினார். மூன்று மாதங்களில் விற்பனைப் பட்டியலில் அவரது பெயர் இருந்தது!

ஏன்? விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பிரிமியர் லீக் கழகங்கள் மூன்று வருடங்களில் 105 மில்லியன் பவுணுக்கு மேல் நட்டமடையக்கூடாது என்பது அப்போதைய விதி. வெளியிலிருந்து 60 மில்லியன் பவுண் கொடுத்து ஒருவரை ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினால், கணக்கில் வருடத்துக்கு 12 மில்லியன் மாத்திரமே செலவாகப் பதியப்படும். பாசறையில் வளர்ந்தவருக்கோ கொள்முதல் விலை கிடையாது. எனவே அவரை விற்றால், வரும் பணம் ஏறத்தாழ முழுவதும் அந்த வருடத்திலேயே இலாபம். மக்டொமினே சுமார் 25 மில்லியன் பவுணுக்கு நாப்போலிக்குச் சென்ற அதே தினம், 2024 ஓகஸ்ட் 30 இல், யுனைட்டெட் அதைவிடக் கூடுதலான விலை கொடுத்து பாரிஸ் சென் ஜேர்மனிடமிருந்து மனுவல் உகார்த்தேயை வாங்கியது. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்று எமது முன்னோர் சொன்னது இதைத்தான். மக்டொமினேயை இழக்க விரும்பவில்லை, விதிகளே காரணம் என்று அப்போதைய பயிற்றுநர் எரிக் டென் ஹாக் பகிரங்கமாகவே ஆதங்கப்பட்டார்.

இதற்கு எதிராக இரு வாதங்கள் முன்வைக்கப்படுகின்றன. கழகங்கள் கடனில் மூழ்காதிருக்க இத்தகைய விதிகள் அவசியம் என்பது முதலாவது. நட்டத்துக்கு வரம்பு தேவை என்பதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால், வாங்குபவரின் செலவைப் பல வருடங்களுக்குப் பகிர்ந்து மறைத்து, வளர்ப்பவரின் உழைப்பை விற்றால் மாத்திரமே மதிப்பிடும் ஒரு கணக்குமுறை சிக்கனத்தைப் போதிக்கவில்லை. வளர்த்தவரை விற்கவே தூண்டுகிறது. 2023 இல் மேசன் மவுண்டையும் 2024 இல் கொனர் கலகரையும் செல்சி விற்றதும் இந்தத் தூண்டுதல் வலுப்பெற்றிருந்த காலத்தில்தான்.

மக்டொமினேயிடம் நுட்பம் போதாது, இத்தாலியில் ஆட்டத்தின் வேகம் குறைவு என்பதால்தான் அவர் பிரகாசித்தார் என்பது இரண்டாவது வாதம். 2023 மார்ச்சில் ஹம்ப்டன் பார்க்கில் ஸ்பெயினை ஸ்கொட்லாந்து 2-0 என வென்றபோது அந்த இரு கோல்களையும் அடித்தவர் யார் என்பதை இவ்வாறு வாதிடுபவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். எதிரணியின் கோல் எல்லைக்குள் சரியான தருணத்தில் பாய்ந்து நுழைவதே அவரது பலம் என்பது அன்றே தெரிந்திருந்தது. நாப்போலியின் பயிற்றுநர் அன்ரோனியோ கொன்ரே அதைக் கண்டுகொண்டு அவரை முன்னே நகர்த்தினார். முந்தைய பருவத்தில் பத்தாம் இடத்தில் இருந்த அணி 82 புள்ளிகளுடன் சம்பியனானது. 12 லீக் கோல்களை அடித்த மக்டொமினே இத்தாலிய லீக்கின் அதிசிறந்த வீரராகத் தெரிவானார். அதே பருவத்தில் யுனைட்டெட் 15 ஆம் இடத்தில் முடித்தது. 1974 இல் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்ட பின்னர் அக்கழகம் கண்ட மிக மோசமான நிலை அது. ஒரு வீரரின் வெளியேற்றம் மாத்திரமே அந்த வீழ்ச்சிக்குக் காரணம் என்று கூறமாட்டேன். ஆனால், அவரை அனுப்பிய அதே சிந்தனைதான் அக்கழகத்தை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது.

2025 நவம்பர் 18 இல் டென்மார்க்கை 4-2 என வென்று, 1998 க்குப் பின்னர் முதற்தடவையாக உலகக் கிண்ண இறுதிச் சுற்றுக்கு ஸ்கொட்லாந்து தகுதிபெற்ற இரவிலும் முதலாவது கோல் மக்டொமினேயின் தலைகீழ் உதையில்தான் பிறந்தது. அதே மாதத்தில் பிரிமியர் லீக் கழகங்கள் பழைய நட்ட வரம்பைக் கைவிட்டு, 2026-27 பருவம் முதல் அணிக்கான செலவை வருமானத்தின் 85 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தும் புதிய விதிக்கு வாக்களித்தன. வீரர்களை விற்று ஈட்டும் இலாபம் புதிய கணக்கிலும் சேர்க்கப்படுகிறது. ஆகவே, தூண்டுதல் மறையவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது.

1937 ஒக்டோபர் முதல் ஒவ்வொரு போட்டிக்கான அணியிலும் தனது பாசறையில் வளர்ந்த ஒருவரையாவது சேர்த்து வந்திருப்பதாகப் பெருமை கொண்டாடும் கழகம் மன்செஸ்டர் யுனைட்டெட். அந்தப் பெருமை உண்மையானால், பாசறையில் வளர்ந்தவரை விற்று வரும் பணத்தைச் சாதாரண இலாபமாகக் கணிக்கக்கூடாது என்று லீக்கின் கூட்டத்தில் எழுந்து கோரவேண்டிய முதற்கழகம் அதுவே. கோருமா?