பானெட்டைத் தூக்கினால் சூடு தணியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து லயத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். பழைய சாகாவையும் கஞ்சிலையும் சுற்றி நம் இளைஞர்கள் கூடியிருப்பார்கள். முன்கண்ணாடி ஓரமாகப் பானெட் ஒரு விரல் அளவு தூக்கிக்கொண்டு நிற்கும். கீலுக்கு அடியில் வாஷர் வைத்து உயர்த்தியிருப்பார்கள். இன்னும் சிலர் தகட்டையே வெட்டி ஓட்டை போட்டு, மேலே மூக்கு மாதிரி ஒன்றை ஒட்டியிருப்பார்கள்.

"ஏன் தம்பி இப்படி?" என்று கேட்டால், "இஞ்சின் சூடாவுதுண்ணே, உள்ள இருக்கிற அனல் வெளிய போவணும்ல" என்று பதில் வரும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சூடான காற்று மேலே எழும் என்பது அடுப்படியில் நிற்கும் நம் தாய்மார்களுக்கும் தெரியும். இருந்தாலும் இந்த வேலை வேண்டாம் என்றே சொல்லுவோம். தோட்டத்தில் கார் என்பது அலங்காரப் பொருள் அல்ல. நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், பெண்களுக்குப் பிரசவ வலி எடுத்தாலும் அந்த ஒரு கார்தான் லயத்துக்கே ஆம்புலன்ஸ். செம்மண் சாலையில் பாதி வழியில் அது ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டால் யாரை நொந்துகொள்வது?

காற்று எப்படிப் போகிறது என்று முதலில் பார்ப்போம். ஓடும் காரின் முன்பக்கத்து இடைவெளி வழியாகக் காற்று நுழைகிறது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே புகுந்து, அங்குள்ள தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு, இஞ்சினைச் சுற்றிக் காரின் அடிவழியாக வெளியேறுகிறது. முன்னால் காற்றழுத்தம் அதிகம், அடியில் குறைவு. இந்த வித்தியாசம்தான் காற்றைத் தள்ளுகிறது.

பானெட்டின் மேல் வழுக்கி வரும் காற்றோ முன்கண்ணாடியில் முட்டுகிறது. அதனால் கண்ணாடியின் அடிப்பக்கத்திலும் அழுத்தம் கூடுகிறது. காருக்குள் வரும் காற்றுக்கு அங்கேதான் வழி வைப்பது வழக்கம், காரணம் இதுதான். அந்த இடத்தில் பானெட்டைத் தூக்கி வைத்தால், வேகமாக ஓடும்போது அனல் வெளியே வராது. வெளிக்காற்றுதான் உள்ளே போகும். ரேடியேட்டர் வழியாக வரவேண்டிய காற்றுக்கு அதுவே தடை. கார் நிற்கும்போது கொஞ்சம் அனல் வெளியேறும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதோடு சேர்ந்து எண்ணெய் நாற்றமும் புகையும் காருக்குள் வந்துவிடலாம்.

"ரேஸ் கார்ல ஓட்டை இருக்கேண்ணே?" என்று தம்பிமார் கேட்பார்கள். இருக்கிறது. ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானெட்டின் முன்பாதியில் அழுத்தம் குறைந்த இடம் உண்டு. சோதித்துப் பார்த்து அங்கே வழி வைக்கிறார்கள். சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரில் உள்ள மூக்கோ இஞ்சினைக் குளிர வைப்பதற்கு அல்ல. டர்போவிலிருந்து வரும் காற்றைத் தணிக்கும் இன்டர்கூலருக்காக வைத்தது. டர்போ இல்லாத கஞ்சிலுக்கு அந்த மூக்கு எதற்கு?

அப்படியானால் வண்டி ஏன் சூடாகிறது? நம் சாலையின் செம்மண் தூசியும் சேறும் ரேடியேட்டர் தகடுகளில் அப்பிக் காய்ந்துவிடுகின்றன. காற்று புக இடமில்லை. இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, இஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதாலும், கூலண்ட் பாதிக்குப் பாதி கலப்பதாலும் அந்த அளவு 120 டிகிரியையும் தாண்டுகிறது. மூடியின் ரப்பர் தேய்ந்துவிட்டால் இந்தப் பலன் போயிற்று. குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்தால் உள்ளே துருப்பிடிக்கும். வண்டி சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறக்கவே கூடாது. முகமும் கையும் வெந்துபோகும்.

மூன்றாவது மின்விசிறி. மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுப்பது அதுதான். சூட்டு முள் மேலே ஏறியும் விசிறி சுற்றவில்லை என்றால் பியூஸ், ரிலே, சுவிட்ச் மூன்றையும் பாருங்கள். விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டையும் காரின் அடித்தட்டையும் கழற்றி எறியாதீர்கள். காற்று வழிமாறிப் போகாமல் தடுப்பவை அவை. "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைத்தான் கூடுதலாகக் குடிக்கும்.

இதையெல்லாம் பார்க்காமல் பானெட்டை வெட்டுவது, வயிற்றுவலிக்காரன் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்ட கதைதான். வெட்டிய ஓரத்தில் துரு ஏறும். நம் நாட்டு மழை நேராக இஞ்சின் மேல் கொட்டும். விபத்து நேர்ந்தால் பானெட் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வராமல் பிடித்து வைப்பவை கீலும் பூட்டும். வாஷர் வைத்து அவற்றின் பிடியைத் தளர்த்தலாமா? அனுமதி வாங்காமல் வண்டியின் அமைப்பை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் சம்மனும் வீடு தேடி வரலாம்.

2025இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை வாரம் ஆறு நாள் வேலைக்குக் கணக்குப் போட்டால், ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. வெயிலில் குலை வெட்டியும், விடியற்காலையில் பால் வெட்டியும் சம்பாதிக்கும் காசு. அதை ஓட்டைக்குக் கொடுப்பதைவிட நல்ல மூடிக்கும் கூலண்டுக்கும் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. காருக்கு அடியில் படுத்துக் கிடக்கும் பிள்ளையை ஏசாதீர்கள். ஸ்பேனர் பிடிக்கும் ஆசை நல்ல ஆசை. நாளைக்கு அவனுக்குச் சோறு போடும் தொழிலாகவும் அது ஆகலாம். தோட்டப் பட்டறையில் டிராக்டரும் லோரியும் பார்த்துக் கை பழகிய பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இளைஞர் மன்றங்களும் ஆலய நிர்வாகங்களும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூப்பிட்டு, நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யலாமே!

தம்பிமார்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வாஷரைக் கழற்றுங்கள். ரேடியேட்டரைக் கழுவுங்கள். அவசரத்துக்கு அந்தக் காரை நம்பி லயத்தில் பலர் இருக்கிறார்கள்.