டெல்லி மாதிரி டெல்டாவும் புகையுமா? பதில் உளுந்தில் இருக்கு!

தை, மாசியில் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் சம்பா, தாளடி அறுவடை நடக்கும். அப்போது சில வயல்களில் வைக்கோலையும் அடித்தாளையும் கொளுத்துகிறார்கள். காலைப் பனியில் அந்தப் புகை மேலே போகாமல் தரையை ஒட்டியே நிற்கும்.

வடக்கே ஏன் அவ்வளவு புகை?

பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்ததும் கோதுமை விதைக்க இரண்டு, மூன்று வாரம்தான் அவகாசம். அதனால் அக்டோபர், நவம்பரில் தாளை எரித்துவிடுகிறார்கள்.

டெல்டாவில் ஏன் அந்த அளவுக்கு இல்லை?

இங்கே சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் ஈர மண்ணில் உளுந்தும் பயறும் தெளிப்பது பழைய வழக்கம். அறுக்கும்போதே அது முளைத்திருக்கும். தீ வைத்தால் உளுந்தும் போச்சு! வைக்கோல் மாட்டுக்குத் தீவனமாகவும் போய்விடும்.

இப்போது என்ன மாறுது?

ஆள் அறுப்பு குறைந்து மிஷின் அறுப்பு வந்துவிட்டது. மிஷின் ஏறி இறங்கினால் முளைத்த உளுந்து நசுங்கும். வைக்கோலும் வயலெங்கும் சிதறும். அதைக் கட்டாகச் சுருட்ட இன்னொரு மிஷின், இன்னொரு வாடகை. மாடு இல்லாத, உளுந்தும் போடாத விவசாயிக்குக் கொளுத்துவதுதான் செலவில்லாத வழி.

உடம்புக்கு என்ன?

புகையில் உள்ள பி.எம். 2.5 துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை போகும். ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக இந்தியா அனுமதிப்பது 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 15.

ஆக, 'எரிக்காதே' என்று சொன்னால் மட்டும் போதாது. உளுந்து விதைப்பு தொடரணும், வைக்கோல் கட்டும் செலவாவது விவசாயி கைக்குத் திரும்பணும்.