ஜலவாயுவுக்கு எந்த ஜலம்?

2023-ஆம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி மத்திய மந்திரி சபை பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு அங்கீகாரம் அளித்து, 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. சூரிய ஒளியாலும் காற்றாலும் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு ஜலத்தைப் பிளந்து, 2030-க்குள் ஆண்டொன்றுக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜன், அதாவது ஜலவாயு, உற்பத்தி செய்ய வேண்டுமென்பது அதன் நோக்கம். அந்நிய தேசத்து எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் பெரும் பொருளைக் கொடுத்து வரும் நமக்கு இது வரவேற்கத்தக்க நோக்கமே. ஆனால் மின்சாரத்தைப் பற்றி நடக்கும் விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஜலத்தைப் பற்றி நடக்கக் காணோம்.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் சுத்த ஜலம் வேண்டும். 50 லட்சம் டன்னுக்கு வருஷத்தில் 4,500 கோடி லிட்டர். தினசரி 12 கோடி லிட்டருக்கு மேல். சுத்திகரிப்பில் கழிவதையும் யந்திரங்களைக் குளிர்விப்பதையும் சேர்த்தால் இது இரண்டு மூன்று பங்காகும். தேசம் முழுவதற்கும் இது பெருந்தொகையன்று. ஆனால் ராஜஸ்தான், கட்சு, நமது தூத்துக்குடி போல, வெயிலும் காற்றும் மிகுந்த இடங்கள் பலவும் ஜலம் குறைந்த இடங்களாகவே இருக்கின்றன. அங்கே ஆலைக்கும் ஏழையின் குடத்துக்கும் போட்டி ஏற்பட்டால் தோற்பது எது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்குப் பரிகாரம் நம் காலடியிலேயே ஓடுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி, நம் நகரங்கள் தினசரி 7,236 கோடி லிட்டர் கழிவுநீரை வெளியேற்றுகின்றன. சுத்தி செய்யப்படுவது 2,023 கோடி லிட்டரே. மிச்சம் ஆறுகளையும் ஏரிகளையும் கெடுக்கிறது.

சாக்கடை ஜலத்தை அப்படியே யந்திரத்தில் விட முடியாது என்பது உண்மை. அதிலுள்ள உப்பு குளோரின் வாயுவைக் கிளப்பும். சுண்ணாம்பு மின்வாய்களில் படியும். அழுக்கு சவ்வுகளை அடைக்கும். ஆனால் அதைத் தெளிவிக்கும் வித்தை நமக்குப் புதிதன்று. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1991-லிருந்தே நகரத்துக் கழிவுநீரைச் சுத்தி செய்து உபயோகித்து வந்திருக்கிறது. சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019-ஆம் வருஷத்தில், மணலி ஆலைகளுக்கென்றே தினசரி 4.5 கோடி லிட்டர் தரக்கூடிய ஆர்.ஓ. நிலையம் கொடுங்கையூரில் அமைந்தது. எண்ணெயிலுள்ள கந்தகத்தை நீக்கவும், உரத்துக்கு வேண்டிய அம்மோனியா செய்யவும் ஹைட்ரஜன் வேண்டும். இவ்விரு தொழில்களும் மணலியில் இருக்கின்றன. கழிவுநீரும், அதைத் தெளிவிக்கும் நிலையமும், வாயுவை வாங்குவோரும் ஒரே வட்டாரத்தில் கூடியிருக்கும் இடம் இது.

செலவு அதிகமாகும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகிறது. அதன் விலைக்கு முன், பத்துப் பதினைந்து லிட்டர் கழிவுநீரைத் தெளிவிக்கும் செலவு அற்பமே. குடிநீரைத் தொடுவதற்குச் சிக்கனம் ஒரு காரணமாகாது. மேலும், ஒரு கிலோ ஹைட்ரஜனுடன் 8 கிலோ பிராணவாயுவும் கிடைக்கிறது. கழிவுநீரைச் சுத்தி செய்யும் கிருமிகளுக்குக் காற்று ஊட்டவே அந்நிலையங்களில் ஏராளமான மின்சாரம் செலவாகிறது. இந்தப் பிராணவாயுவை அங்கே பயன்படுத்தினால் அச்செலவில் ஒரு பகுதி மிஞ்சும்.

எச்சரிக்கை இரண்டு உண்டு. நிலக்கரி மின்சாரத்தால் இதைச் செய்தால் பயனில்லை. எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பதைவிடப் பன்மடங்கு கரியமிலவாயு வெளிப்படும். சுத்திகரிப்பில் மிஞ்சும் உப்பு நீரை எண்ணூர்க் கழியிலோ வேறு நீர்நிலையிலோ கொட்டிவிடுவதும் கூடாது.

நாம் கோருவது இதுதான். கழிவுநீர் உபயோகத்தை ஆலைக்காரர்களின் விருப்பத்துக்கு விட்டுவிடலாகாது. கழிவுநீர் கிடைக்கும் இடத்தில் குடிநீரையோ பாசன நீரையோ எடுக்கும் ஆலைக்குச் சர்க்கார் உதவிப் பணம் ஒரு காசும் கிடையாது என்று விதிக்க வேண்டும். உதவிப் பணம் ஜனங்களுடையது. அவர்களுடைய குடத்தைக் காலி செய்ய அது செலவாகக் கூடாது.