பூட்டும் சட்டமும்

பூச்சியத்தைச் 'சைபர்' என்று சொல்லும் வழக்கம் தமிழில் உண்டு. 'சிஃப்ர்' என்னும் அரபுச் சொல் ஐரோப்பிய மொழிகளின் வழியே நம்மிடம் அவ்வாறு வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் அச்சொல் மறையெழுத்தையும் குறிக்கும். எண்களைக் கொண்டு இயங்கும் அக்கலையை அமெரிக்கச் சட்டம் நெடுங்காலம் படைக்கலங்களின் பட்டியலில் வைத்திருந்தது என்பது வியப்புக்குரியது.

கணிப்பொறிச் செய்தியைப் பிறர் படிக்க இயலாதவாறு மாற்றித் தருவது மறையாக்க மென்பொருள். பில் சிம்மர்மன் என்பார் 1991இல் 'பிரிட்டி குட் பிரைவசி' என்னும் அத்தகைய மென்பொருளை ஆக்கி இலவசமாக வழங்கினார். அது இணையத்தின் வழியே கடல் கடந்தது. உரிமமின்றிப் படைக்கலம் ஏற்றுமதியாயிற்றோ என்று 1993இல் அவர்மீது விசாரணை தொடங்கியது. 1996இன் தொடக்கத்தில், குற்றம் ஏதும் சாட்டப்படாமலே அது கைவிடப்பட்டது.

இச்சட்டத்தின் முரண்பாட்டை உணர ஒரு சான்று போதும். புரூஸ் ஷ்னையர் எழுதிய மறையாக்க நூலை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடையில்லை என்று 1994இல் அமெரிக்க அயலுறவுத் துறை கூறியது. அந்நூலில் அச்சாகியிருந்த நிரல்களையே நெகிழ்வட்டில் பதிந்து அனுப்ப இசைவு மறுத்தது. தாளில் இருக்கையில் நூலாகிய ஒன்று, வட்டில் ஏறியதும் படைக்கலம் ஆகிவிடுமா?

பகைவரும் குற்றவாளிகளும் மறைந்து பேச இடங்கொடுக்கலாமா என்று அரசு அஞ்சுவதில் நியாயம் உண்டு. நாட்டைக் காப்பது அரசின் கடமை. ஆயினும் தீயோர் உரிமம் கேட்டு நிற்பதில்லை. நலிந்த பூட்டு நேர்மையாளருக்கே வாய்த்தது. வெளிநாட்டாருக்குத் தரப்பட்ட உலாவிகளில் திறவுகோலின் நீளம் 40 பிட் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. நெட்ஸ்கேப் உலாவியின் அத்தகைய பூட்டொன்றை, டேமியன் டோலிகெஸ் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் 1995இல் எட்டே நாளில் திறந்து காட்டினார்.

2000 சனவரியில் இக்கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்த்தப்பட்டன. தீங்கு அத்துடன் ஓய்ந்ததா? இல்லை. ஏற்றுமதிக்கென வகுத்த நலிந்த முறைகள் பல கணிப்பொறிகளில் நீக்கப்படாமலே கிடந்தன. அவற்றைப் பற்றிக்கொண்டு, பாதுகாப்பானது என்று கருதப்பட்ட தொடர்பையும் உடைக்கலாம் என்பது 2015இல் தெரியவந்தது. 'ஃப்ரீக்' எனப் பெயர் பெற்ற அக்குறைக்கு அமெரிக்க அரசின் இணையத்தளங்கள் சிலவும் ஆளாகியிருந்தன. அயலாருக்கென நலித்த பூட்டு, செய்தவர் வீட்டுக் கதவிலும் தொங்கியது.

ஆதலின், குற்றவாளியைத் தேடும் அரசு சான்று காட்டி நீதிமன்ற ஆணை பெற்றுத் தேடட்டும். அதற்காக எல்லோர் வீட்டுப் பூட்டையும் தளர்த்த வேண்டா. எந்நாட்டில் இத்தகைய சட்டம் எழுந்தாலும், கணிப்பொறி கற்கும் மாணவரும் சட்டம் கற்கும் மாணவரும் ஒருங்கே அமர்ந்து அதனை ஆராய வேண்டும். சட்டத்தைத் திருத்த ஓர் அரசாணை போதும். அது விட்டுச் செல்லும் ஓட்டையை அடைக்கப் பல்லாண்டுகள் ஆகும்.