பெரியவர்களுக்குத் தொழினுட்பம் கற்பித்தல்: எங்கிருந்து தொடங்குவது?



"தகவல் தொழினுட்பம் இன்று சகல துறைகளிலும் ஊடுருவியுள்ளது" என்று தொடங்கும் கட்டுரைகளை ஒவ்வொரு வருடமும் கட்டுக்கட்டாகத் திருத்துகிறேன். வசனத்தில் பிழை இல்லை. ஆனால் அது எந்த வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்காத வசனம். உங்கள் அம்மம்மாவின் கைபேசிக்கு வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் வரும் குறுஞ்செய்தியை வீட்டில் யார் வாசித்துச் சொல்கிறார்கள்? அவருடைய ஏ.ரி.எம். அட்டையின் இரகசிய இலக்கம் எத்தனை பேருக்குத் தெரியும்? இவ்விரண்டு வினாக்களுக்கும் மனதுக்குள் விடை எழுதிவிட்டு மேலே வாசியுங்கள்.

பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். அப்போது ஊர்ச் சனசமூக நிலையமோ மாதர் சங்கமோ உங்களிடம் வந்து, "பிள்ளையள், எங்கட ஆக்களுக்கும் இதைக் கொஞ்சம் பழக்கி விடுங்கோ" என்று கேட்கக்கூடும். மறுக்காதீர்கள். ஆனால் நீங்கள் வகுப்பில் படித்த ஒழுங்கிலேயே அவர்களுக்கும் படிப்பிக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அது சரிவராது என்பதே என் கருத்து.

'இ-ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ் 2000களின் நடுப்பகுதியிலிருந்து நெனசல நிலையங்கள் கிராமங்களில் திறக்கப்பட்டன. கணினியும் இணைய இணைப்பும் ஊருக்குள் வந்தன. கணினியைக் கொண்டுபோய் மேசையில் வைப்பது இலகு. ஐம்பது வயதுக்காரர் ஒருவரை அதன் முன்னால் இரண்டாம் தடவையும் உட்கார வைப்பதுதான் கடினம். நான் பார்த்த ஒரு செயலமர்வில் முதல் ஒரு மணித்தியாலமும் கணினியின் தலைமுறைகள் பற்றிய விரிவுரை. வெற்றிடக் குழாய், திரான்சிஸ்ரர் என்று பலகை நிறைய எழுதினார்கள். தேநீருக்குப் பிறகு பாதிக் கதிரைகள் வெறுமையாகிவிட்டன. வந்தவர்களுக்கு வேண்டியிருந்தது வெளிநாட்டில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துக் கதைப்பது. அதற்கு வெற்றிடக் குழாய் எதற்கு?

மல்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் வளர்ந்தோர் கல்வி பற்றி 1970இல் வெளியிட்ட நூலில், சிறுவருக்குக் கற்பிக்கும் முறை வேறு, வளர்ந்தோருக்குக் கற்பிக்கும் முறை வேறு என்று வாதிட்டார். வளர்ந்தவர் ஒன்றைக் கற்குமுன் அது தனக்கு எதற்கு என்று அறிய விரும்புவார்; தன் அனுபவத்தையும் கூடவே கொண்டுவருவார். பிரேசிலில் பாவ்லோ பிரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு நாற்பது மணித்தியாலம் அளவிலே எழுத்தறிவு கற்பித்தார். அரிச்சுவடியிலிருந்து தொடங்காமல், அம்மக்கள் தினமும் வாயால் சொல்லும் சொற்களிலிருந்தே அவர் தொடங்கினார்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்ததை நினைத்துப் பாருங்கள். தேசிய அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம் எல்லாம் கொடுத்து, கைபேசிக்கு வரும் இலக்கத்தையும் பதிந்தால்தான் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீற்றர் பெற்றோல். யாரும் செயலமர்வு நடத்தவில்லை. விசைப்பலகையைத் தொட்டறியாத எத்தனையோ பேர் சில வாரங்களிலேயே அந்தச் சதுரப் படத்தைச் சேமிக்கவும் மற்றவருக்கு அனுப்பவும் பழகிக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு மூளை மந்தம் என்பவர்களுக்கு இதைவிட வேறு விடை வேண்டியதில்லை.

ஆகவே திட்டமிடும்போது முதலில் பாடத்தை எழுதாதீர்கள். ஒரு வாரம் முன்னரே வீடுவீடாகப் போய், "உங்களுக்கு இந்தப் போனில என்ன செய்யத் தெரிஞ்சால் உதவியா இருக்கும்?" என்று கேளுங்கள். ஒருவர் படம் அனுப்ப வேண்டும் என்பார், ஒருவர் ரீலோட் போட வேண்டும் என்பார். அந்தப் பட்டியல்தான் உங்கள் பாடத்திட்டம். அதிலும் ஒரு நாளுக்கு ஒரு வேலை போதும். நேரமும் அவர்களுடையதாக இருக்கட்டும். அரிவி வெட்டுக் காலத்தில் காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் யார் வருவார்? அறிவித்தலில் "மூக்குக்கண்ணாடி கொண்டு வரவும்" என்று ஒரு வரி சேருங்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் கண்ணாடியை மறந்து வருபவர் "எனக்கு இது விளங்குதில்லை" என்றுதான் சொல்வார், "எழுத்துத் தெரியவில்லை" என்று சொல்லமாட்டார்.

அவரவர் கைபேசியிலேயே பழக்குங்கள். உங்கள் கைபேசியில் காட்டினால் வீட்டுக்குப் போனதும் படங்கள் இடம் மாறியிருக்கும், பயந்துவிடுவார்கள். முதல் வேலையாக எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றும்போது மட்டும் அவரிடம் கேட்டுச் செய்யுங்கள். நாங்கள் 'தரவிறக்கம்' என்பதைக் கைபேசி 'பதிவிறக்கம்' என்கிறது. சிலருக்குப் பழகிய ஆங்கிலப் படக்குறியே இலகு. கொழுந்து பறித்தும் மண்வெட்டி பிடித்தும் காய்த்துப்போன விரலைத் தொடுதிரை சிலவேளை உணராது. அது அவருடைய பிழையல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உதவியாளராக வரும் நண்பர்களுக்கு ஒரு விதி போதும்: கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். நாம் எல்லோரும் செய்வது என்ன? "இங்க தாங்கோ அம்மம்மா" என்று பறித்து, நாலு தடவை தட்டி, "இந்தாங்கோ, சரி" என்று திருப்பிக் கொடுப்போம். வேலை முடிந்தது, ஆனால் அம்மம்மா எதையும் கற்கவில்லை. தன்னால் இது ஏலாது என்பதை மட்டும் இன்னொரு தடவை கற்றுக்கொண்டார். அவர் விரலே தட்டட்டும், பிழைக்கட்டும், திரும்பி வரட்டும். படிமுறைகளை அவரே தன் கையால் கொப்பியில் எழுதட்டும். அச்சடித்த தாள் அலுமாரிக்குள் போய்விடும்.

"பிள்ளைகள் செய்து கொடுக்கிறார்கள்தானே, முதியவர்கள் ஏன் சிரமப்பட வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளைகள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்விடுகிறார்கள். வீட்டில் இருக்கும்போதும் தன் பணத்தின் கணக்கை இன்னொருவர் வாயால் மட்டுமே அறிவது ஒரு வளர்ந்த மனிதருக்கு அழகல்ல. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.ரீ.பி. இலக்கத்தைக் கேட்பவன், மகன் அருகில் இல்லாத நேரத்தில்தான் பேசுவான். அந்த இலக்கம் வீட்டுச் சாவி போன்றது, வங்கிக்காரர் கேட்டாலும் கொடுக்கக்கூடாது என்று ஒரு தடவை சொன்னால் போதாது. நீங்களே மோசடிக்காரனாக நடித்து அவரிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டாம் தடவை கேட்கும்போது "உனக்கென்னத்துக்கு?" என்று அவர் அதட்டினால் அந்தப் பாடம் ஏறிவிட்டது.

குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் தன் கணினி அறிவு ஆய்வில், தானாகவே கணினியைப் பயன்படுத்தக்கூடியவரையே கணினி அறிவுள்ளவர் என்கிறது. கணினியில் விளையாடத் தெரிந்த ஐந்து வயதுப் பிள்ளையும் அதில் அடங்கும். 'தானாகவே' என்ற சொல்லைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் செயலமர்வுக்கு முப்பது பேர் வந்தார்கள் என்று அறிக்கை எழுத வேண்டாம். எட்டுப் பேரோடு தொடங்குங்கள். அடுத்த வாரம் உங்கள் கைபேசிக்கு அவர்களில் எத்தனை பேர் தாமாகவே ஒரு படம் அனுப்புகிறார்கள் என்று எண்ணுங்கள். அனுப்பாதவர் வீட்டுக்கு மீண்டும் ஒரு தடவை போய்வாருங்கள்.