சாளரத் தோட்டம்: பூச்சி உண்ணும் செடியும் மரத்தில் வாழும் மலரும்

சென்ற இதழில் மாடிக் குடித்தனத்தில் கறிவேப்பிலை வளர்ப்பது குறித்து எழுதியிருந்தோம். அதற்கு வந்த மடல்களுள் மூன்று, கறிவேப்பிலையைப் பற்றிப் பேசவேயில்லை. பூச்சியைப் பிடித்துண்ணும் குடுவைச் செடியையும், ஆர்க்கிட் மலர்களையும் கொல்கத்தா வீடொன்றின் உள்ளேயே வைத்து வளர்க்க இயலுமா என்பதே மூவரும் கேட்டிருக்கும் கேள்வி. இயலும் என்பதே நம் விடை. ஆயினும் அவ்விடையை நாம் அடைந்த வழி பெருமைக்குரியதன்று. அதனை முதலிற் சொல்லிவிடுவதே முறை.

ஏழாண்டுகட்கு முன் பூஜை விடுமுறையில் குடும்பத்துடன் ஷில்லாங் சென்றிருந்தோம். திரும்பும் நாளன்று சாலையோரத்தில் ஒருவர் கூடையில் செடிகள் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். நீலமலர்க் கொத்து ஏந்திய ஆர்க்கிட் ஒன்றும், பாசியிற் சுற்றிய குடுவைச் செடி ஒன்றும் நம் கண்ணைக் கவர்ந்தன. பேரம் பேசி, சொன்ன விலையில் பாதிக்கு வாங்கினோம். அன்று அதில் நமக்கு எத்துணை பெருமிதம்! ஆர்க்கிட்டின் வேரில் மரப்பட்டைத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதையும் கண்டோம், அதன் பொருள்தான் விளங்கவில்லை.

வீடு வந்ததும் இரண்டையும் மல்லிகைக்குச் செய்வது போலவே செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த தொட்டியில் நட்டோம். அடுக்ககத்தின் ஆழ்குழாய்க் கிணற்று நீரைத் தவறாது ஊற்றினோம். நாற்பது நாளில் குடுவைச் செடியின் இலைகள் நுனியிலிருந்து கருகின. பொங்கலுக்குள் ஆர்க்கிட்டின் வேர்கள் அழுகிக் குழைந்தன. நம் அன்னையார் அதனைப் பார்த்துவிட்டு, “ஏண்டா, காட்டிலே நன்னா இருந்ததைக் கொண்டுவந்து இப்படிக் கொன்னுட்டயே!” என்றார். அச்சொல் நெடுநாள் நம்மை உறுத்தியது. செடிகளைப் பற்றி நாம் நூல்களைப் புரட்டத் தொடங்கியது அதன் பின்னரே.

புரட்டியபோதுதான் நாம் செய்த தவறு இருமடங்கு என்பது தெரிந்தது. அந்த நீலமலர் நீல வாண்டா. அந்தக் குடுவைச் செடி காசி மலைக் குடுவைச் செடி. இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ் இனம் அதுவே. அதன் தாயகம் மேகாலயம். கசி மொழியிலும் காரோ மொழியிலும் அதற்குத் தனித்தனிப் பெயருண்டு. காரோ மக்கள் ‘மேமாங் கோக்சி’ என்பர். பேயின் கூடை என்பது பொருள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் தாவரங்களுக்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. அதில் இடம்பெற்ற மிகச் சில செடிகளுள் இவ்விரண்டும் உள்ளன. இவற்றை அனுமதியின்றிக் காட்டிலிருந்து பிடுங்குவதும் விற்பதும் குற்றம்; வாங்கி வைத்திருப்பவரும் அச்சட்டத்திற்கு உட்பட்டவரே. பேரத்தில் வென்றோம் என்று மகிழ்ந்த நாம் உண்மையில் எந்தப் பக்கத்தில் நின்றோம் என்பதை அன்பர்களே ஊகித்துக் கொள்வீர்களாக.

நம்மைப் போன்றோர் அந்நாளிலும் இருந்தனர். நீல வாண்டாவை 1837இல் கிரிஃபித் என்னும் தாவரவியலார் காசி மலையிற் கண்டார். 1850இல் ஜோசஃப் ஹூக்கர் அம்மலைக்குச் சென்றபோது, லண்டனின் கியூ தோட்டத்திற்காக ஏழு ஆட்கள் சுமக்கும் அளவு பிடுங்கி அனுப்பினார். அவற்றுள் உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சிலவே. அவருடன் தோட்டக்காரனை அனுப்பி இடத்தை அறிந்துகொண்ட வேறொரு கனவான் ஓராள் சுமையை அனுப்பினார். அது நலிந்த நிலையிற் சென்றும் முந்நூறு பவுனுக்கு விலைபோயிற்று. இக்கணக்கை ஹூக்கரே தம் 1854ஆம் ஆண்டுப் பயண நூலில் ஒளிவின்றி எழுதியுள்ளார். ஏழு சுமையும் நம் ஒரு செடியும் அளவில் வேறு, செய்கையில் ஒன்றே.

ஆகவே வாங்கும்போது முதலிற் பார்க்க வேண்டியது வேரை. பட்டைத் துண்டோ பாறைப் பாசியோ ஒட்டியிருப்பின், இலைகளிற் பழைய கடிவடுக்கள் நிறைந்திருப்பின், வேர்கள் அறுபட்டுத் தொங்கின் அது காட்டுச் செடி. எவ்வளவு மலிவாயினும் நகர்ந்துவிடுக. நாற்றங்காற் செடிகள் ஒரே அளவாய், தொட்டியில் வேர் சுற்றி, பெயர்ச் சீட்டுடன் இருக்கும். இன்று அத்தகைய செடிகளுக்குப் பஞ்சமில்லை. அதற்கொரு காரணமுண்டு. ஆர்க்கிட்டின் காய் ஒன்றில் தூசியினும் நுண்ணிய விதைகள் இலட்சக்கணக்கில் இருக்கும். ஆனால் நெல்லுக்குள் அரிசி போல முளைக்கான உணவு அவற்றுள் இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சை வந்து ஊட்டினாலன்றி முளையா. 1922இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன் சர்க்கரையும் உப்புகளும் சேர்த்த அகர்க் கூழில் பூஞ்சையின் துணையின்றியே அவற்றை முளைக்கச் செய்தார். செல்வர் மாளிகையின் கண்ணாடி வீட்டில் இருந்த மலர் நம் சாளரத்திற்கு வந்தது அந்தப் புட்டியின் வழியே.

இனி வளர்ப்பு முறை. ஆர்க்கிட்டுகளுள் பாலனாப்சிஸ் என்பதையே தொடக்கத்திற்குப் பரிந்துரைப்போம்; பட்டாம்பூச்சி போன்ற அகன்ற மலர் உடையது. அடுத்து டெண்ட்ரோபியம். இவை மண்ணில் வாழ்வன அல்ல. மரக்கிளையைப் பற்றி வாழ்வன. ‘அப்படியானால் புல்லுருவிதானே?’ என்று ஓர் அன்பர் கேட்டுள்ளார். அன்று. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தில் இடம் மட்டுமே கேட்கும். இந்தக் குழப்பம் பழமையானது. மரத்தின்மேல் வளரும் செடிகளைக் குறித்த வடசொல்லே வாண்டா என்பது. அதனைத் தாவரவியற் பெயராக்கியவர் கல்கத்தாவில் நீதிபதியாயிருந்த வில்லியம் ஜோன்ஸ். வங்காளத்து மாமரங்களிலும் நம் ஊர்த் தோப்புகளிலும் தொற்றியிருக்கும் வாண்டா ஒன்றும் அக்குடும்பத்ததே.

எனவே தொட்டியில் மண் கூடாது. கரித்துண்டு, உடைந்த செங்கல், தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றை நெல்லிக்காய் அளவில் நிரப்புக. தென்னை மட்டைக்கு இந்நகரில் அலைய வேண்டியதில்லை. இளநீர்க்காரரிடம் கேட்டால் அவரே நன்றி கூறுவார். இரண்டு நாள் ஊறவைத்து, நீரை மாற்றி, உப்பைப் போக்கியபின் பயன்படுத்துக. வேரைப் பார்த்தே நீர் ஊற்ற வேண்டும். வேரின் மேல் பஞ்சு போன்ற உறையுண்டு. நனைந்தால் பச்சையாகும்; உலர்ந்தால் வெள்ளி நிறமாகும். வெள்ளி நிறமான பின் ஊற்றுக, பச்சையாயிருக்கையில் ஊற்றாதீர். இலைகள் கூடும் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் ஓரிரவில் அழுகும். தேங்கினால் துணியால் ஒற்றி எடுத்துவிடுக. கிழக்குச் சாளரம் சாலச் சிறந்தது. மேற்கு வெயில் சித்திரை மாதத்தில் இலையைச் சுட்டுவிடும்.

மழைக்காலக் கொல்கத்தாவின் புழுக்கத்தை நாம் சபிக்காத நாளில்லை. ஆர்க்கிட்டுகளோ அதற்காகவே ஏங்குவன. வாழும் ஊரைப் பற்றி நம்மவர் சொல்லும் குறைகளுள் ஒன்றேனும் இச்செடிகளுக்கு நிறைவாய் அமைந்திருப்பது கண்டு மகிழ்வோம். டிசம்பர், ஜனவரி மாதங்களின் குளிர்ந்த இரவுகளும் வீணல்ல. சில வாரம் அக்குளிர் பட்டால்தான் பாலனாப்சிஸ் பூக்காம்பு விடும். ஆதலின் அக்காலத்தில் இரவிற் சாளரத்தை அடைத்துவிடாதீர்.

பூச்சி உண்ணும் செடிகளுக்கு வருவோம். நம் அன்பர்கள் கவனத்துடன் படிக்க வேண்டிய பகுதி இதுவே. ஏனெனில் இங்கே அன்பு மிகுந்தால் செடி சாகும். இவை சத்தற்ற சதுப்பு நிலத்தில் பிறந்தவை. மண்ணில் கிடைக்காத நைட்ரஜனைப் பூச்சியின் உடலிலிருந்து பெறுகின்றன. ஆகவே இவற்றின் வேர் உரத்தைத் தாங்காது. உப்பு மிகுந்த நீரையும் தாங்காது. நம் முதற் செடி கருகியது தொழுவுரத்தாலும் ஆழ்குழாய் நீராலுமே. மழைநீரோ, வீட்டு ஆர்.ஓ. கருவியின் நீரோதான் ஊற்ற வேண்டும். கரைந்த உப்பை அளக்கும் சிறு கருவி கடைகளிற் கிடைக்கிறது. அது ஐம்பதுக்குக் கீழ்க் காட்டினால் அஞ்ச வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வானமே தருகிறது. மாடியில் ஒரு வாளி வைத்தாற் போதும். ஆனால் சேர்த்த நீரை மூடி வைக்க மறவாதீர். டெங்குக் கொசுவை வளர்த்துவிட்டுக் குடுவைச் செடியைக் கொண்டு பிடிக்கலாம் என்று எண்ணினால் ஏமாறுவீர்கள். அதன் குடுவைக்குள் விழுவதில் மிகப் பெரும்பகுதி எறும்பே.

வீட்டிற்கு ஏற்ற குடுவைச் செடி ‘வென்ட்ராட்டா’ என்னும் கலப்பினம். நாற்றங்கால்களில் எளிதிற் கிடைக்கும். ஸ்பாக்னம் பாசியும் பெர்லைட்டும் கலந்த தொட்டியில், நேர்வெயில் படாத நல்ல வெளிச்சத்தில் தொங்கவிடுக. குடுவை என்பது பூவன்று. இலையின் நுனி கொடியாய் நீண்டு அதன் முனையில் உருவாவது. காற்று உலர்ந்திருந்தால் கொடி நீளும், குடுவை உண்டாகாது. குளிர்சாதனம் இடைவிடாது ஓடும் அறையில் அதனை வைத்துவிட்டுக் குறைசொல்லாதீர். குடுவைக்குள் இருப்பது செரிமான நீர். அழுக்கென்று கருதி அதைக் கொட்டிக் கழுவிய அம்மையார் ஒருவரை நாம் அறிவோம். அவர் நம் இல்லத்திலேயே இருப்பதால் மேலே கூறோம்.

பனித்துளிச் செடியையும் வளர்க்கலாம். செந்நிற இலையின் மயிர்களில் பிசின் துளிகள் மின்னும்; பூச்சி ஒட்டிக்கொள்ளும். சித்த மருத்துவத்தார் அழுகண்ணி என்று குறிப்பது இதனையே என்பர். வங்காளத்துச் செம்மண் நிலங்களிலும் இது முளைப்பதுண்டு. அங்கே கண்டால் குனிந்து பார்த்துவிட்டு விட்டுவிடுக. வளர்ப்பதற்கு விதையே போதும். பர்மானி என்னும் இதன் வகை ஓராண்டே வாழும். விதை கொட்டிவிட்டு மடியும். அது கண்டு வருந்தாமல் விதையைத் தூவுக.

பிள்ளைகள் கேட்பதோ இவை எதுவுமன்று. வாய்மூடும் வீனஸ் ஈப்பொறியைத்தான். அமெரிக்காவின் கரோலினா சதுப்புகளுக்கு உரிய செடி அது. இலையினுள் உள்ள மெல்லிய மயிர் ஏறத்தாழ இருபது நொடிக்குள் இருமுறை தீண்டப்பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் மூடும்; ஒரு முறை மட்டும் பட்டால் மழைத்துளி என்று வாளா இருக்கும். இந்த விந்தையைக் காணப் பிள்ளைகள் நாளெல்லாம் விரலை விடுவர். ஒரு பொறி தன் வாழ்நாளில் மூடித் திறப்பது சில முறையே. வெறும் விரலுக்கு மூடினால் அத்தனையும் நட்டம். மேலும் அதற்கு ஆண்டுதோறும் மூன்று திங்கள் கடுங்குளிர் உறக்கம் வேண்டும். நம் நகரின் குளிர் அதற்குப் போதாது. வாங்க வேண்டாம் என்பதே நம் கருத்து. டார்ஜிலிங்கில் வாழும் அன்பர்கள் வேண்டுமானால் முயலலாம்.

ஓர் அம்மையாரின் மடல் நம்மைச் சிந்திக்க வைத்தது. ‘புலால் உண்ணாத வீட்டில் உயிர்தின்னும் செடியை வைப்பது பாவமன்றோ?’ என்கிறார். நம் அன்னையாரும் இதையே கேட்டவர்தாம். பூச்சியைத் தேடிப்பிடித்துப் போட வேண்டியதில்லை. நல்ல வெளிச்சம் இருந்தால் உணவின்றியும் செடி பிழைக்கும். உண்டால் செழிக்கும் என்பதும் உண்மை. பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி 1875இல் நூல் வெளியிட்ட டார்வினின் மகன் பிரான்சிஸ், உணவூட்டிய பனித்துளிச் செடிகள் மிகுதியான விதை தந்ததை 1878இல் காட்டினார். நாம் எதையும் போடுவதில்லை. சமையலறை எறும்புகள் தாமே ஏறிச் செல்கின்றன. அவற்றை நாம் முன்பு மருந்துப் பொடி தூவிக் கொன்றுகொண்டிருந்தோம் என்பதை நினைவூட்டியபோது அன்னையார் விடை கூறவில்லை. ஆனால் மறுநாள் முதல் குடுவைகளை எண்ணும் பொறுப்பைத் தாமே மேற்கொண்டார். தயிர்சாதம், சர்க்கரை முதலியவற்றைக் குடுவையில் இடுவோர்க்கு ஒரு சொல்: அழுகிப்போகும், இடாதீர்.

இவ்வாண்டு நம் பாலனாப்சிஸின் அடியிலையின் கீழிருந்து பச்சை முனையொன்று எட்டிப் பார்க்கிறது. வேரா, பூக்காம்பா என்று வீட்டில் வழக்கு நடக்கிறது. முனை மழுங்கி உருண்டிருந்தால் வேர். குழந்தையின் கையுறை போலச் சற்றே தட்டையாய், மேல்நோக்கி வளைந்தால் காம்பு. வேர் என்கிறார் அன்னையார். காம்பு என்கிறோம் நாம். இன்னும் நான்கு நாளில் தெரிந்துவிடும்.