தக்காளி இலையில் வெள்ளைக் கோடு: 'எந்த மருந்து அடிக்கலாம்?' என்று கேட்கும் முன்...

மாடித்தோட்டம் வாட்ஸ்அப் குரூப் எதிலாவது நீங்கள் இருந்தால் இந்தப் போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். தக்காளி இலை, அதன் மேல் யாரோ வெள்ளைப் பேனாவால் கிறுக்கினது மாதிரி வளைந்து வளைந்து போகும் கோடு. கீழே ஒரே வரி: "என்ன மருந்து அடிக்கலாம்?" இரண்டு நிமிடத்தில் நாலு பேர் நாலு பாட்டில் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அது என்ன பூச்சி என்று ஒருவரும் கேட்பதில்லை.

மாடியில் நாலு தொட்டி என்றால் இது சின்ன விஷயம். அரை ஏக்கர் தக்காளியோ பீன்ஸோ போட்டிருக்கும் விவசாயியும் உரக்கடையில் போய் இதே கேள்வியைத்தான் கேட்கிறார், அங்கேயும் இதே பதில்தான் கிடைக்கிறது. இந்தப் பூச்சியைப் பொறுத்தவரை, அந்தப் பதில் பல நேரம் பிரச்சினையைப் பெரிதாக்குகிறது.

அந்தக் கோடு என்ன?

அது ஒரு சுரங்கம். இரண்டு மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம் என்று சொல்லத்தக்க, கறுப்பும் மஞ்சளுமான குட்டி ஈ ஒன்று இலையில் துளை போட்டு உள்ளே முட்டை வைக்கிறது. சில நாளில் பொரிந்து வரும் புழு, இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே இருக்கும் பச்சையத்தை மட்டும் தின்றுகொண்டே நகர்கிறது. புழு பெருக்கப் பெருக்கக் கோடும் அகலமாகும். கோட்டுக்குள் கறுப்பாகத் தெரிவது அதன் கழிவு. வளர்ந்த புழு இலையைக் கீறி வெளியே வந்து, பெரும்பாலும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிறது. நம்ம ஊர் வெயிலுக்கு முட்டையிலிருந்து ஈ வரை இரண்டு, மூன்று வாரம் போதும். தமிழில் இதை இலைத்துளைப்பான் என்கிறார்கள். அறிவியல் பெயர் லிரியோமைசா டிரைஃபோலி.

இன்னொரு விசித்திரம். ஆண் ஈயால் இலையில் துளை போட முடியாது. பெண் ஈ போட்ட துளையில் கசியும் சாறுதான் அதற்குச் சாப்பாடு.

சாமந்தியோடு வந்த விருந்தாளி

இது நம்ம ஊர் ஈ இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா, கரீபியன் பக்கத்துப் பூச்சி. 1970-களில் உலகப் பூ வியாபாரம் சூடுபிடித்தபோது, நடுவதற்கான சாமந்தித் தண்டுகள் ஃபுளோரிடாவிலிருந்து கென்யாவுக்குப் போயின. கூடவே இதுவும் போனது. அங்கிருந்து ஏற்றுமதியான தண்டுகளோடு ஐரோப்பாவுக்கும் போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் இது கவனிக்கப்பட்டது 1990-களின் தொடக்கத்தில், ஹைதராபாத் பகுதியில். அதன்பின் தக்காளி, பீன்ஸ், தட்டைப்பயறு, வெள்ளரி, பூசணி, ஆமணக்கு, பருத்தி என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

எல்லையில் பிடித்திருக்க முடியாதா? கஷ்டம்தான். முட்டை இலைக்குள்ளே இருக்கிறது. அதிகாரி கண்ணுக்குத் தெரிவது நல்ல பச்சைத் தண்டு. குளிர்சாதனத்தில் வைத்தாலும், புதிதாக இட்ட முட்டை 0 டிகிரியில் மூன்று வாரம் வரை பிழைத்துக்கிடக்கும். ஆனால் தண்டுகளை மூன்று, நான்கு நாள் சாதாரண வெப்பத்தில் வைத்து, முட்டை கொஞ்சம் வளர்ந்தபின் குளிரில் வைத்தால் செத்துவிடும். ஐரோப்பியத் தாவரப் பாதுகாப்பு அமைப்பு பரிந்துரைக்கும் முறை இது. வழி இல்லாமல் இல்லை. ஆனால் பூ வியாபாரத்தில் அந்த நாலு நாள் என்பது காசு.

அடிச்சா போயிடுமா?

போகாது என்பதற்கு நிறைய அனுபவம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் தக்காளி வயல்களில் நடந்து 1976-ல் வெளியான ஓர் ஆய்வு, இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு இலைத்துளைப்பானைப் பற்றியது. காய்ப்புழுவுக்கெல்லாம் அடிக்கும் மெத்தோமில் என்ற மருந்தைத் தெளித்த வயல்களில் இலைத்துளைப்பான் குறையவில்லை, பெருகியது.

காரணம் எளிது. இலைக்குள் இருக்கும் புழுவுக்கு மேல்தோலே கூரை. தெளிக்கும் மருந்து பலவும் அதைத் தொடுவதே இல்லை. ஆனால் அந்தப் புழுவைத் தேடி இலைமேல் நடந்து திரியும் குட்டிக் குளவிகள் இருக்கின்றன. சில குளவிகள் புழுவைக் கொட்டி மயக்கி, பக்கத்திலேயே முட்டை வைக்கும். குளவிக்குஞ்சு புழுவைத் தின்று வளரும். இவற்றுக்குக் கூரை கிடையாது. மருந்து அடித்தால் முதலில் சாவது இவைதான். காவலாளியைக் கொன்றுவிட்டுத் திருடனை வீட்டுக்குள் பூட்டி வைத்த கதை.

போதாக்குறைக்கு, இந்த ஈ மருந்துக்குப் பழகிப்போவதில் கில்லாடி. மூன்று வாரத்துக்கு ஒரு தலைமுறை என்றால் வருஷத்துக்கு எத்தனை தலைமுறை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் தப்பிப் பிழைத்ததன் வாரிசுதான் அடுத்து வருகிறது. ஃபுளோரிடா விவசாயிகள் ஒரு மருந்து மாற்றி இன்னொரு மருந்து என்று ஓடினார்கள், எதுவும் சில வருஷங்களுக்கு மேல் நிற்கவில்லை.

பூச்சிக்கொல்லியை நாம் 'மருந்து' என்று சொல்வதே இதில் பாதிச் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்து என்றால் நோய்க்குக் கொடுப்பது, கொடுக்காமல் விட்டால் தப்பு. விஷம் என்று சொல்லிப் பழகியிருந்தால் இலையில் நாலு கோடு பார்த்ததும் கை பாட்டிலுக்குப் போகாது.

அப்போ என்னதான் செய்யறது?

முதலில் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கோட்டின் அகலமான முனையில் மஞ்சளாக ஒரு புழு நெளிகிறதா? இல்லை, முனையில் சின்னக் கீறல் மட்டும் இருந்து உள்ளே காலியா? காலி என்றால் புழு போய்விட்டது, இனி அந்த இலையில் அடிப்பது வீண். புழு கறுத்துச் செத்துக் கிடந்தால் குளவி ஏற்கெனவே வேலையில் இறங்கியிருக்கலாம். அதைக் கெடுக்காதீர்கள்.

தக்காளியிலும் பீன்ஸிலும் நாம் சாப்பிடுவது காயை. வளர்ந்த செடி, அடியிலைகளில் கொஞ்சம் கோடு விழுந்தாலும் தாங்கிக்கொள்ளும். அந்த இலைகளைக் கிள்ளி அழித்துவிடுவது, மஞ்சள் ஒட்டும் பொறி வைப்பது, தேவைப்பட்டால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு (லிட்டருக்கு 50 கிராம் பொடி, இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டியது) தெளிப்பது. பெரும்பாலும் இது போதும். கவலைப்பட வேண்டிய இடம் நாற்றும் கீரையும். நாற்றில் இருப்பதே நாலு இலை. கீரையில் இலைதான் விளைச்சல், கோடு விழுந்த கட்டை யாரும் வாங்க மாட்டார்கள். அங்கே மருந்து தேவைப்படலாம், ஆனால் எதை, எப்போது என்பதைத் தோட்டக்கலைத் துறை அலுவலர் சொல்ல வேண்டும்.

இங்கேதான் அரசைக் கேட்க வேண்டியிருக்கிறது. விவசாயி உரக்கடைக்குப் போவது அறியாமையால் அல்ல. கடை பக்கத்தில் இருக்கிறது, கடன் கொடுக்கிறது, அறுவடைக்குப் பிறகு வாங்கிக்கொள்கிறது. அலுவலர் ஒருவர் பல கிராமங்களைப் பார்க்கிறார். ஆலோசனை சொல்பவரே பாட்டில் விற்பவராகவும் இருக்கும்வரை "எதுவும் அடிக்க வேண்டாம்" என்ற பதில் வராது.

இந்தியாவுக்கு இது தெரியாத வித்தையும் அல்ல. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை 2010-ல் கொண்டுவந்து அடக்கினார்கள். மரவள்ளி மாவுப்பூச்சிக்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்த குளவியை 2022-ல் சேலம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். இலைத்துளைப்பானுக்கு வெளிநாட்டிலிருந்து குளவியைத் தருவிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. நம் வயல்களிலேயே இருப்பவற்றைக் கொல்லாமல் விட்டால் போதும்.

அடுத்த பூச்சிக்கு வாசல் எப்படி இருக்கிறது? வேளாண் உயிரிப் பாதுகாப்பு மசோதா 2013-ல் மக்களவைக்கு வந்தது. தாவரத் தொற்றுத் தடுப்புக்கென அதிகாரமுள்ள தனி ஆணையம் அமைக்கும் திட்டம் அதில் இருந்தது. 2014-ல் அவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. அதே 2014-ல்தான் தென்னமெரிக்கத் தக்காளி ஊசிப்புழு புனே பகுதியில் கண்டறியப்பட்டது. 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ. அந்த மசோதா மாற்ற நினைத்தது, பிரிட்டிஷார் 1914-ல் எழுதிய பூச்சிகள் சட்டத்தை. அதை மீண்டும் அவைக்குக் கொண்டுவரும்படி நம் எம்.பி.க்கள் கேட்க வேண்டும்.